கரி எல்லாவற்றையும் பிடிக்காது
கிணற்று நீரும் செங்கல் வடிகட்டியும்

மாளிகாவத்தைத் தொடர்மாடியில் குழாயைத் திறப்பவர் அந்த நீரைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை. அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்து எடுக்கப்படும் நீரும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களின் நீரும் சுத்திகரிக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்ட பின்னரே கொழும்பு நகருக்கு வருகின்றன. இடம்பெயர்ந்து வந்து மாளிகாவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தங்கிய குடும்பங்கள் இந்தக் குழாய் நீருக்குப் பழகியவை. ஆனால் ஊர் திரும்பும்போதோ, வவுனியாவிலோ புத்தளத்திலோ புதிய காணியில் குடியமரும்போதோ, அந்தப் பொறுப்பு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழுகிறது.

ஒரு பீப்பாவில் மணலும் சிரட்டைக்கரியும் இட்டு வடித்தால் எந்த நீரும் நல்ல நீராகிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே உண்டு. இதில் பாதிதான் உண்மை. மற்றப் பாதியை நம்பியிருந்தால் பாதிக்கப்படுவோர் நம் பிள்ளைகளே. ஆகவே கரி எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்பதை நாம் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும்.

புறத்துறிஞ்சல் என்பது என்ன?

துணி நீரைத் தனக்குள் இழுத்துக்கொள்வது உறிஞ்சல். கரியோ அழுக்கைத் தன் மேற்பரப்பிலே ஒட்டவைத்துக்கொள்கிறது. இதனைப் புறத்துறிஞ்சல் என்பர். கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற துளைகள் உண்டு. அத்துளைகளின் சுவர்களும் மேற்பரப்பே. சிரட்டைக்கரியைக் கடும் வெப்பத்தில் நீராவியால் பதப்படுத்தினால் துளைகள் மேலும் பெருகும். இவ்வாறு உயிர்ப்பூட்டிய கரியில் ஒரு கிராமின் உட்பரப்பு 500 சதுர மீற்றருக்கும் அதிகம். ஏறக்குறைய இரண்டு பரப்புக் காணி ஒரு சிட்டிகைக் கரிக்குள் மடிந்து கிடக்கிறது! அடுப்புக் கரிக்கு இவ்வளவு ஆற்றல் இல்லை.

கெட்ட மணம், நிறம், எண்ணெய்க் கசிவு, பல பூச்சிகொல்லிகள் ஆகியவற்றை உயிர்ப்பூட்டிய கரி நன்றாகப் பிடிக்கும். ஆனால் நீரில் கரைந்துள்ள உப்பு, கிணற்று நீரின் வன்மை, நைத்திரேற்று ஆகியவற்றை அது ஏறத்தாழ அப்படியே விட்டுவிடும். புளோரைட்டையும் சாதாரண கரி போதிய அளவு பிடிக்காது.

பற்களில் தெரியும் நஞ்சு

வவுனியா, அனுராதபுரம், பொலன்னறுவை முதலான வரண்ட வலயப் பகுதிகளில் பல கிணறுகளில் புளோரைட்டு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வரும் இந்தப் பொருளுக்கு நிறமோ மணமோ இல்லை. பல் வளரும் வயதில் அதை அளவுக்கு மீறிக் குடிக்கும் பிள்ளைகளின் பற்களில் மாறாத கபிலக் கறை படிகிறது. மிக அதிகமான அளவில் ஆண்டுக்கணக்காகக் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 1.5 மில்லிகிராமை மேல் எல்லையாகக் கூறுகிறது. வெப்பத்தால் அதிகம் நீர் குடிக்கும் நம் நாட்டின் தரநிர்ணயம் 1.0 மில்லிகிராம்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; புளோரைட்டு போகாது. நீர் ஆவியாகக் குறையும்போது அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

1990களில் நம் நாட்டு ஆய்வாளர் பத்மசிறியும் அவருடன் உழைத்தோரும் இதற்கு ஓர் எளிய வழியைப் பரிசோதித்தனர். புதிதாகச் சூளையிலிருந்து வந்த செங்கல்லை உடைத்து ஒரு கொள்கலத்தில் அடுக்கி, அதன் மேல் சிரட்டைக்கரியும் கூழாங்கல்லும் இட்டனர். நீரை அடியில் செலுத்தி மேல்நோக்கி ஏறவைத்தனர். சுட்ட களிமண்ணிலுள்ள அலுமினிய, இரும்பு ஒட்சைட்டுகளில் புளோரைட்டு ஒட்டிக்கொள்கிறது. விலை கூடிய பீ.வீ.சி. குழாய்க்குப் பதிலாகச் செங்கல்லும் சீமெந்தும் கொண்டே கொள்கலத்தைக் கட்டலாம் என்பதும் காட்டப்பட்டது.

கென்யாவில் நக்குரு கத்தோலிக்க மறைமாவட்டம் இதே நோக்கத்துக்கு எலும்புக்கரியைத் தயாரித்து மக்களுக்கு வழங்கியது. எலும்புக்கரி செங்கல்லைவிட வலியது. எனினும் சைவ, முஸ்லிம் அயலவர்களோடு ஒரே கிணற்றைப் பகிரும் நம் கிராமங்களில், யாருடைய மனத்தையும் புண்படுத்தாத செங்கல்லே பொருத்தமானது.

வேலை செய்ய வேண்டிய நிலைமைகள்

ஒரே செங்கல் ஒரு வீட்டில் பயன் தரும். இன்னொரு வீட்டில் தராது. காரணங்கள் இவை:

துண்டின் அளவு: சிறிதாக உடைத்தால் மேற்பரப்பு கூடும். தூளாக்கினாலோ நீர் ஏறாமல் அடைபடும்.

நேரம்: ஒட்டிக்கொள்ள அவகாசம் வேண்டும். அவசரமாக ஊற்றி அவசரமாக எடுத்தால் வந்த நீரே திரும்பி வரும். இரவில் நிரப்பிக் காலையில் எடுப்பது நல்ல பழக்கம்.

நீரின் தன்மை: காரத்தன்மை கூடிய நீரில் வேறு பொருட்களும் அதே இடத்துக்குப் போட்டியிடும். நெரிசலான பஸ்ஸில் ஆசனம் பிடிப்பது போன்றதே இது. பின்னால் வந்த புளோரைட்டு நின்றபடியே பயணம் செய்து நம் குடத்துக்கு வந்துவிடும்.

நிரம்பும் காலம்: இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். லீற்றருக்கு 5 மில்லிகிராம் புளோரைட்டு உள்ள நீரில் நாளொன்றுக்கு 8 லீற்றர் எடுத்தபோது, வடிகட்டி 25 முதல் 40 நாட்கள் வரையே உழைத்தது. கணக்கிட்டுப் பாருங்கள். நாளுக்கு 40 மில்லிகிராம்; 25 நாளில் ஒரு கிராம். நீங்கள் 16 லீற்றர் எடுத்தால் காலம் ஏறக்குறையப் பாதியாகும். நீரில் புளோரைட்டு குறைவாயின் காலம் நீளும். ஆசனம் நிரம்பிய பின்னும் நீர் தெளிவாகவே வரும். தெளிவைக் கண்டு ஏமாறக் கூடாது. ஆகவே இந்த நீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் பயன்படுத்துங்கள். செங்கல் மாற்றிய திகதியைச் சுவரில் எழுதி வையுங்கள். பழைய துண்டுகளைக் கிணற்றருகே கொட்டாதீர்கள்.

தோட்டக் கிணறும் கைக்குழந்தையும்

யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கற் பகுதியிலும் கற்பிட்டியின் மணற் பகுதியிலும் உள்ள பிரச்சினை வேறு. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அளவுக்கு மீறி இடும் யூரியா, எரு, மலசலகூடக் குழியின் கசிவு ஆகியவை நைத்திரேற்றாக மாறிக் கிணற்றை அடைகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரில் கரைத்த புட்டிப்பால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் ஆற்றலைக் குறைத்து உடலை நீலம் பாரிக்கச் செய்யலாம். இங்கே கரியும் செங்கல்லும் கைகொடுக்கமாட்டா; கொதிக்க வைத்தலும் உதவாது. குழந்தைக்கு வேறு நல்ல நீரே வேண்டும்.

சுன்னாகத்தின் பாடத்தையும் மறக்கலாகாது. அங்கே மின்நிலையச் சூழலில் கிணறுகளில் எண்ணெய் கலந்தது தொடர்பான வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. எண்ணெயைக் கரி பிடிக்கும் என்பதற்காக, மாசாக்கியவரின் சுமையைக் கிணற்றுக்காரர் சுமக்க வேண்டியதில்லை.

நாம் செய்யக்கூடியவை

முதலில் நீரைப் பரிசோதியுங்கள். உங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் அலுவலகத்தையோ அணுகலாம். ஒரு குடும்பத்துக்குச் செலவு பாரமாயின் நான்கைந்து வீட்டார் சேர்ந்து செல்லுங்கள். எது கலந்துள்ளது என்று தெரிந்த பின்னரே வடிகட்டியைத் தெரிவு செய்யுங்கள். வடிகட்டிய நீரையும் மீண்டும் ஒருமுறை பரிசோதியுங்கள். கூரையில் விழும் மழைநீரில் புளோரைட்டு மிகக் குறைவு. சுத்தமான தொட்டியில் மூடிச் சேமித்தால் குடிப்பதற்கு அது பெரும் துணை.

காணிக்கு உறுதி கேட்கிறோம், விதைக்கு விலை கேட்கிறோம். கிணற்று நீருக்கும் ஒரு பரிசோதனை அறிக்கை கேட்போம். மீளக் குடியேறும் கிராமத்தில் முதல் பயிரை நடுமுன்னர் செய்ய வேண்டிய வேலை அதுவே.