நோவு தணிக்கும் செவ்வொளி

வெலிமடையைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலே உழைப்போருக்குக் கால் வழுக்குதல் புதிய செய்தி அன்று. மழை பெய்து ஓய்ந்த காலையில் கொழுந்துக் கூடையுடன் இறங்கும்போது கணுக்கால் புரளும். உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கும்போது தோள் பிசகும். கவ்வாத்துக் கத்தி கையைப் பதம் பார்க்கும். நாட்கூலியை நம்பிய குடும்பத்தில் ஒருவருக்குக் கால் வீங்கினால், அன்றைய அடுப்பும் வாடிவிடும். ஆகவே, ஒளியைப் பாய்ச்சினால் வலி நீங்கும் என்ற பேச்சு நம் காதில் விழுமாயின், அதில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்று ஆராய்ந்து பார்ப்பது நன்றல்லவா?

ஒளியை மருந்தாகக் கொள்வது நேற்றுப் பிறந்த எண்ணம் அன்று. வட அத்திலாந்திக் கடலிலுள்ள பரோயே தீவுகளில் 1860ஆம் ஆண்டு பிறந்த நீல்ஸ் பின்சன் என்னும் வைத்தியர், தோலை அரிக்கும் ஒருவகைக் காசநோய்க்குச் செறிந்த ஒளிக்கதிர்களால் சிகிச்சை செய்தார். அதற்காக 1903இல் நோபல் பரிசும் பெற்றார். 1960இல் லேசர் ஒளி கண்டுபிடிக்கப்பட்டது. ஏழாண்டு கழித்து, ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரிலே எண்ட்ரே மெஸ்டர் என்ற வைத்தியர், லேசர் ஒளி புற்றுநோயை உண்டாக்குமோ என்றறிய, மயிர் மழித்த சுண்டெலிகளின் மேல் அதைப் பாய்ச்சினார். புற்றுநோய் வரவில்லை. ஒளி பட்ட எலிகளுக்கு மயிர் விரைந்து முளைத்தது! பின்னர் அவர் ஆறாத புண்களுக்கும் இவ்வொளியைப் பயன்படுத்தலானார்.

இஃது எவ்வாறு வேலை செய்கிறது? நம் உடலின் உயிரணுக்களுள்ளே மைற்றோகொண்ட்ரியா எனப்படும் நுண்ணிய உறுப்புகள் உள்ளன. உயிரணுவுக்கு வேண்டிய சக்தியை ஆக்கும் உலைக்களங்கள் அவை. சிவப்பொளியையும், கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிரையும் அவற்றிலுள்ள ஒரு நொதியம் ஈர்த்துக்கொள்கிறது. அதனால் சக்தி மிகுதியாக உண்டாகி, வீக்கத்தை வளர்க்கும் பொருட்கள் குறைகின்றன என்பது அறிஞர் பலர் ஏற்கும் விளக்கமாகும்.

பயன் உண்டா எனின், ஓரளவு உண்டு. கழுத்துவலியைப் பற்றிய 16 ஆய்வுகளை, 820 நோயாளரின் விவரங்களோடு தொகுத்து, ‘லான்செட்’ என்ற மருத்துவ இதழ் 2009இல் வெளியிட்டது. லேசர் சிகிச்சை வலியைக் குறைத்தது என்பதே அதன் முடிவு. எனினும் எல்லா வலிக்கும் இவ்வாறு உறுதியான சான்று கிடைத்துவிடவில்லை. அளவும் முக்கியமானது. ஒளி குறைந்தால் பயனில்லை. மிகுந்தாலும் பயன் கெடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கும் பொருந்துகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும். மேலே கூறிய ஒளி அநேகமாகச் சுடுவதில்லை. கடைகளில் விற்கும் அகச்சிவப்பு விளக்கோ வெப்பம் தருவது. இறுகிப்போன தசைக்கு அது இதமளிக்கும். ஆனால் அடிபட்ட முதல் இரண்டு நாட்களில் வெப்பம் வீக்கத்தைக் கூட்டிவிடக்கூடும். நீரிழிவினால் கால் மரத்தவர்கள் சூடு தெரியாமல் தோலைச் சுட்டுக்கொள்வதும் உண்டு. லேசர் ஒளியை நேரே நோக்கினால் கண்ணுக்குக் கேடு. ஆதலால் வைத்தியரோ, பயிற்சி பெற்ற இயன்மருத்துவரோ சொல்லும் முறைப்படியே இவற்றைக் கையாள வேண்டும்.

கால் புரண்டவுடன் செய்யத்தக்கவை எளியவை. காலுக்கு ஓய்வு கொடுத்து உயர்த்தி வைக்கலாம். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை இருபது நிமிடம் சுற்றி வைக்கலாம். சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து இழுத்து உருவுவது ஆகாது. நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பை அழுத்தும்போது கடுமையாக வலித்தாலோ, தாமதியாமல் வைத்தியசாலைக்குச் சென்று எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்க வேண்டும். கத்தி வெட்டுக்கு ஏற்புவலித் தடுப்பூசி தேவையா என்பதையும் அங்கே கேட்டறியலாம். நம் நாட்டின் அரசாங்க வைத்தியசாலைகளில் இவற்றுக்குக் கட்டணம் இல்லை.

முறிந்த எலும்பை எந்த ஒளியும் பொருத்திவிடாது. வலியைத் தணித்து, வீக்கத்தை வற்றச் செய்து, தேறுகின்ற உடலுக்குத் துணை நிற்பதே அதன் தொழில். விலையுயர்ந்த விளக்கை வாங்கக் கடன்படுமுன், காயம் இன்னதென்று வைத்தியரிடம் கேட்டு அறிந்துகொள்வோம். உழைக்கும் கைகால்களே நம் குடும்பங்களின் முதல். அந்த முதலைக் காக்கும் வழியை அறிந்திருப்பது வீட்டிலுள்ள பெரியவருக்கும் பள்ளி செல்லும் பிள்ளைக்கும் ஒருங்கே வேண்டிய அறிவாகும்.