ஆறு ஆரஞ்சு நிறமானது எப்படி? தெரியுமா?

ஓர் ஆறு ஒரே நாளில் மாம்பழ ஜூஸ் நிறத்துக்கு மாறிய கதை தெரியுமா? 2015 ஆகஸ்ட் 5. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சில்வர்டன் என்கிற மலையூர். அதற்கு மேலே கோல்டு கிங் என்றொரு தங்கச் சுரங்கம். 1923-லேயே வேலை நின்றுபோன இடம். அதன் வாசலில் சரிந்து கிடந்த மண்ணை ஒரு பொக்லைன் கிளறியது. அவ்வளவுதான்! 1 கோடி லிட்டருக்கும் மேலான அமிலத் தண்ணீர் பீறிட்டுக்கொண்டு ‘சிமென்ட் க்ரீக்’ என்கிற ஓடையில் விழுந்து, அங்கிருந்து அனிமாஸ் ஆற்றில் இறங்கியது. கொலராடோ, நியூ மெக்ஸிகோ, யூட்டா என மூன்று மாநிலங்களிலும் நவஹோ பழங்குடி மக்களின் நிலத்திலும் பதற்றம். டுராங்கோ நகரத்தில் ஆற்றில் இறங்கவே தடை. ‘அனிமாஸ்’ என்றால் ஸ்பானிய மொழியில் ஆன்மாக்கள் என்று அர்த்தம். என்ன பொருத்தம் பாருங்கள்!

மண்ணைக் கிளறியது யார் தெரியுமா? ஆற்றைக் காப்பாற்ற வந்த மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைதான்! கசிவை ஆராய்ந்து, குழாய் போட்டு மெல்ல வடிக்கலாம் என்று வந்தவர்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. மண் அடைப்புக்குப் பின்னால் சுரங்கம் பாதிதான் நிறைந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. கூரை வரை முட்டிக்கொண்டு நின்றது தண்ணீர். மேலேயிருந்து ஒரு துளை போட்டு நீர்மட்டம் பார்த்திருந்தால் போதும். பக்கத்து ரெட் அண்டு பொனிடா சுரங்கத்தில் முன்பே அப்படித்தான் செய்தார்கள். பின்னால் வந்த விசாரணை அறிக்கையும் இதையே சொன்னது. பழைய சுரங்கத்தைத் திறப்பதென்றால் முதலில் துளை, பிறகு நீரிறைப்பு, அதற்குப் பிறகுதான் கடப்பாரை. உள்ளே போகப் போக இரும்பு வளைவு நிறுத்தி, பாறையில் ஆணி அடித்து, கான்கிரீட்டைப் பீய்ச்சி, காற்றில் ஆக்ஸிஜன் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைக்க வேண்டும்.

அது சரி, தண்ணீர் ஏன் அமிலமாகிறது? தங்கம்போல மின்னி ஏமாற்றுமே பைரைட் என்கிற கல், அதுதான் வில்லன்! இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. மலைக்குள் இருட்டில் கிடந்தவரை சாது. சுரங்கம் தோண்டிக் காற்றையும் தண்ணீரையும் உள்ளே விட்டதும் கந்தக அமிலம் சுரக்கத் தொடங்கும். இரும்பைத் தின்றே உயிர்வாழும் பாக்டீரியா வேறு அந்த வேலையைப் பல மடங்கு முடுக்கிவிடுகிறது. அமிலம் பாறையிலிருந்து துத்தநாகம், காட்மியம், ஈயம் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு வருகிறது. கரைந்த இரும்பு வெளிக்காற்று பட்டதும் துருவாகப் படிகிறது. ஆற்றின் ஆரஞ்சு நிறம் அந்தத் துருதான்.

கலிபோர்னியாவின் அயர்ன் மவுன்டன் சுரங்கத்தில் ஓரிடத்தில் அளந்த தண்ணீரின் பி.எச். எவ்வளவு தெரியுமா? மைனஸ் 3.6! எலுமிச்சைச் சாறே சுமார் 2 தான். ஒவ்வோர் எண் இறங்கும்போதும் அமிலம் பத்து மடங்கு. அந்த மலை இன்னும் சுமார் 3,000 ஆண்டுகள் அமிலம் சுரக்கும் என்பது விஞ்ஞானிகளின் மதிப்பீடு.

சரி, வாசலைக் கான்கிரீட்டால் அடைத்துவிட்டால்? சில்வர்டன்காரர்கள் அதையும் பார்த்துவிட்டார்கள். 1991-ல் பக்கத்துச் சன்னிசைடு சுரங்கம் மூடியது. அதன் வடிகாலான அமெரிக்கன் டனலில் 1996 முதல் பெரிய பெரிய கான்கிரீட் அடைப்புகள். ஒரு வளையை அடைத்தால் எலி இன்னொரு வளையில் எட்டிப்பார்க்குமே, அதேதான்! மலைக்குள் நீர்மட்டம் ஏற, மேலேயிருந்த பழைய சுரங்கங்களில் கசிவு கூடியது. காரணம் அடைப்பா இல்லையா என்று வழக்கறிஞர்கள் வருடக்கணக்கில் வாதாடினார்கள்.

இதே சன்னிசைடில் 1978-ல் நடந்ததைக் கேட்டால் புல்லரிக்கும். எம்மா ஏரிக்கு அடியிலேயே தோண்டிக்கொண்டு போனார்கள். ஜூன் 4 அன்று ஏரி மொத்தமும் பொத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் கொட்டியது. உள்ளே ஒருவர்கூட இல்லை. ஏன் தெரியுமா? அன்று ஞாயிற்றுக்கிழமை!

கோல்டு கிங் தண்ணீருக்கு இப்போது வைத்தியம் என்ன? நம்மூர் வெள்ளையடிக்கிற சுண்ணாம்புதான்! 2015 அக்டோபரிலேயே கிளாட்ஸ்டன் என்ற இடத்தில் சுத்திகரிப்பு நிலையம் வந்துவிட்டது. சுண்ணாம்பு கலந்தால் அமிலம் முறிந்து, உலோகங்கள் சகதியாக அடியில் தங்கும். தண்ணீர் தெளிந்தது, சகதியை எங்கே கொட்டுவது? வடிகட்டும் பைகளில் நிரப்பி நீரை வடித்துக் குவிக்க வேண்டும். குவிக்கவும் இடம் தேட வேண்டும். என்னைக் கேட்டால் சுரங்க மராமத்தில் பாதித் தலைவலி இந்தச் சகதிதான். இன்னொரு வியப்பு: அந்த வட்டாரத்துச் சுரங்கங்கள் எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு வடிக்கும் தண்ணீர் சுமார் 2 கோடி லிட்டர் என்கிறது அரசுக் கணக்கு. ஆறு நிறம் மாறிய அன்று கொட்டியதைவிட அதிகம்! 2016-ல் 48 இடங்களைச் சேர்த்து நச்சு மாசு நிறைந்த இடங்களைச் சுத்தம் செய்வதற்கான ‘சூப்பர்ஃபண்ட்’ பட்டியலில் ஏற்றினார்கள்.

சகதியில் காசு பார்ப்பவர்களும் உண்டு. ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் ஒரு பொறியாளரும் ஓர் ஓவியரும் சேர்ந்து, நிலக்கரிச் சுரங்கத் துருவை ஓவிய வண்ணமாக மாற்றினார்கள். ட்யூபில் அடைத்து விற்பனைக்கும் வந்தது! இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில், கைவிட்ட நிலக்கரிச் சுரங்கங்களில் தேங்கிய வெதுவெதுப்பான நீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக் கட்டடங்களைச் சூடாக்குகிறார்கள். சுமார் 150 மீட்டர் ஆழத்துத் தண்ணீர்!

நம் பக்கம் வருவோம். தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்த கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரி 28 அன்று மூடியது. இறைப்பது நின்றதும் சுரங்கங்களில் தண்ணீர் ஏறிவிட்டது. மேலே மிஞ்சியவை, சயனைடு போட்டுத் தங்கம் பிரித்த கழிவு மண் மேடுகள். சினிமாப் படப்பிடிப்புகூட அங்கே நடந்திருக்கிறது. செல்ஃபி எடுக்க ஏறுகிறவர்களே, காற்றடிக்கிற நாளில் போகாதீர்கள். அந்தத் தூசியை மூக்கில் வாங்காதீர்கள்.