லண்டன் அபராதமும் கல்முனைத் துண்டும்

கல்முனைப் பக்கத்தில் ஒரு புள்ளத்தாச்சி மாத்திரைக்காகப் பணப்பையைத் திறக்கத் தேவையில்லை. மிட்வைப் மிஸ் பெயரைப் பதிந்து அட்டையைக் கொடுத்துவிட்டால் போதும். இரும்புச்சத்து, ஃபோலிக் அசிட், கல்சியம், பூச்சி மருந்து, திரிபோஷா சத்துமாப் பை எல்லாம் கிளினிக்கில் இலவசம்.

இங்கிருந்து லண்டனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். இங்கிலாந்திலும் கர்ப்பிணிக்கு மருந்துக் கட்டணம் கிடையாது. பிள்ளை பிறந்து 12 மாதம் வரை அந்தச் சலுகை நீடிக்கும். ஆனால் வயிறு சாட்சி சொன்னால் போதாது, விலக்குச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். அதை எடுக்காமல், மருந்துத் துண்டில் ‘எனக்கு விலக்கு உண்டு’ என்று அடையாளமிட்டு மருந்து வாங்கினால், சில மாதம் கழித்து வீட்டுக்குக் கடிதம் வரலாம். ஒரு மருந்துக்குக் கட்டணம் 9.90 பவுண். அபராதம் அதன் ஐந்து மடங்கு, உச்சம் 100 பவுண். 28 நாளில் கட்டாவிட்டால் மேலும் 50 பவுண் வரை ஏறலாம்.

இதில் ஏமாற்றுக்காரர் மட்டும் மாட்டவில்லை. மருந்துக்கும் பல் சிகிச்சைக்குமாக 2014 முதல் அனுப்பிய சுமார் 56 லட்சம் அபராதக் கடிதங்களில் 17 லட்சம், விலக்கு உண்மைதான் என்று தெரிந்த பின் ரத்தாகின. அந்த நாட்டுத் தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2019இல் சொன்ன கணக்கு இது. வேல்ஸ், வட அயர்லாந்து, ஸ்கொட்லாந்து மூன்றும் 2007க்கும் 2011க்கும் இடையில் மருந்துக் கட்டணத்தையே எடுத்துவிட்டன. மருந்துக்கான அபராதத் தொல்லையும் அத்தோடு போயிற்று.

இலங்கை அரச ஆஸ்பத்திரிக் கட்டணத்தை 1951இல் நீக்கியது. அடுத்த வருடமே இங்கிலாந்து துண்டுக்கு ஒரு ஷில்லிங் கேட்கத் தொடங்கியது. நாமும் ஒருமுறை சறுக்கினோம்: 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம். சின்னக் காசுதான், ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் தொகை சடாரென விழுந்தது. 1977இல் அது ஒழிந்தது.

இன்று கல்முனையில் கட்டணம் வேறு வழியில் வருகிறது. “ஸ்டொக் இல்லை, வெளியில வாங்குங்க” என்று ஒரு துண்டு. 2022 நெருக்கடியில் நாடெங்கும் கேட்ட வசனம் இது. காசு போதாமல், முப்பது நாளைக்கு எழுதியதில் பத்து நாளைக்கு மட்டும் கேட்டால், பாமசிக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பார். மிச்ச இருபது நாள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. மிட்வைப் மிஸ்ஸிடம் சொன்னால்தான் அவருக்கே தெரியவரும்.