கையகலத் திரை – 11: ஓடாத வீடியோ

2010 ஜனவரி 27. சான் பிரான்சிஸ்கோ மேடையில் நாற்காலியில் சாய்ந்தபடி, முதல் ஐபேடில் நியூயார்க் டைம்ஸ் தளத்தை விரலால் தள்ளிக் காட்டினார் ஸ்டீவ் ஜாப்ஸ். பக்கத்தின் நடுவே ஓரிடம் காலியாக இருந்தது. அதில் லெகோ கட்டை வடிவில் ஒரு நீலச் சின்னம். பிளக்-இன் இல்லை, ஓட்ட முடியாது என்று அர்த்தம். அரங்கில் இருந்தவர்களுக்குச் சட்டென்று புரிந்தது: ஐபேடில் அடோபியின் ஃப்ளாஷ் பிளக்-இன் கிடையாது.

அன்றைக்கு இணைய வீடியோ என்றாலே ஃப்ளாஷ்தான். 2005-இல் பிறந்த யூடியூப் முதல் செய்தித் தளங்கள் வரை அதைத்தான் நம்பியிருந்தன. ஆனால் வீடியோக் கோப்பில் நாம் கவனிக்க வேண்டியது உள்ளே இருக்கும் கோடெக்கை, அதாவது படத்தைச் சுருக்கிவைக்கும் முறையை. டிபன் கேரியரைப் பார்த்து உள்ளே சாம்பாரா குழம்பா என்று சொல்ல முடியாதே! ஃப்ளாஷுக்குள் முதலில் சோரென்சன் ஸ்பார்க் இருந்தது, பிறகு ஆன்2 நிறுவனத்தின் விபி6 வந்தது. 2007 கடைசியில் எச்.264-ம் சேர்ந்தது. ஆனால் பழைய முறையில் சுருக்கிய வீடியோக்கள் தளங்களில் மலையாகக் குவிந்திருந்தன.

இங்கேதான் சிப் குறுக்கே வருகிறது. எச்.264-ஐ விரித்துக் காட்டவென்றே கைக்கருவிகளின் சிப்பில் தனிச் சுற்று இருந்தது. பழைய கோடெக்குகளுக்கு அது இல்லை. மையச் செயலி மென்பொருளை ஓட்டி மூச்சு வாங்க வேண்டும். ஏப்ரல் 29-ஆம் தேதி வெளியிட்ட கடிதத்தில் ஜாப்ஸ் இதற்குக் கணக்கே சொன்னார்: ஐபோனில் எச்.264 வீடியோ 10 மணி நேரம் வரை ஓடும், மென்பொருளால் விரித்தால் 5 மணி நேரம்கூடத் தாங்காது.

ஃப்ளாஷை மறுக்க அவர் அடுக்கிய ஆறு காரணங்களில் என்னால் மறுக்க முடியாதது இந்த ஒன்றுதான். 'ஃப்ளாஷ் மூடிய தொழில்நுட்பம், நாங்கள் திறந்த தரத்தின் பக்கம்' என்ற பேச்சு எனக்கு ஒட்டவில்லை. எச்.264-ம் காப்புரிமைகளால் கட்டப்பட்டதுதான். உரிமத் தொகை வசூலிக்க எம்பெக் எல்ஏ என்ற அமைப்பே இருந்தது. ஃபயர்ஃபாக்ஸை நடத்தும் மொசில்லா அதனால்தான் எச்.264-ஐ ஏற்கவில்லை. கூகுள் ஆன்2-ஐ விலைக்கு வாங்கி, அதன் விபி8-ஐ மே மாதம் வெப்எம் என்ற பெயரில் இலவசமாகத் திறந்துவிட்டது. ஐபேட் அதைச் சீண்டவில்லை.

நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் தளம் நடத்தியவர்கள். ஒரே வீடியோவை இரண்டு மூன்று வடிவங்களில் மாற்றி வைக்க வேண்டும். எச்டிஎம்எல்5-இன் வீடியோ குறியில் அவற்றை வரிசையாகக் கொடுத்தால், பிரவுசர் தனக்கு ஓடுவதை எடுத்துக்கொள்ளும். விதி அப்படி. ஆனால் ஐபேடின் ஆரம்பகால மென்பொருளில் ஒரு வினோதக் கோளாறு: பட்டியலின் முதல் பெயரை மட்டுமே அது பார்க்கும். முதலில் வெப்எம்மைப் போட்டுவிட்டால், அடுத்த வரியிலேயே எச்.264 அடங்கிய எம்பி4 கோப்பு காத்திருந்தாலும் வீடியோ ஓடாது. எம்பி4-ஐ முதலில் எழுது என்பது அப்போதைய வலைத்தள வேலைக்காரர்களின் வாய்ப்பாடு.

ஃப்ளாஷ் உண்டு என்பதையே ஐபேடுக்கு எதிரான விளம்பரமாக்கிய டேப்லெட்டுகளும் வந்தன. மோட்டோரோலாவின் ஜூம் 2011 பிப்ரவரியில் கடைக்கு வந்தபோது அதில் ஃப்ளாஷ் இல்லை; பிறகுதான் வந்து சேர்ந்தது. பிளாக்பெர்ரி பிளேபுக்கில் இருந்தது, அந்த டேப்லெட்தான் விற்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் கைக்கருவி பிரவுசர்களுக்கான ஃப்ளாஷை இனி வளர்க்கப் போவதில்லை என்று அடோபி அறிவித்துவிட்டது. மொசில்லாவும் 2012-இல் இறங்கி வந்து, கருவிக்குள் ஏற்கெனவே இருக்கும் எச்.264 வசதியைப் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதித்தது.

உரிமத் தொகை இல்லாத ஏவி1 கோடெக் 2018-இல் வந்தது. உருவாக்கிய கூட்டணியில் கூகுளும் மொசில்லாவும் மட்டுமல்ல, ஆப்பிளும் இருக்கிறது. ஆனாலும் அதை விரிக்கும் தனிச் சுற்று ஐபேடுக்குள் நுழைய, எம்4 சிப் வந்த 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடித்துக்கொண்டவர்கள் ஒரே மேசையில் எப்படி உட்கார்ந்தார்கள்? அது அடுத்த வாரம்.