மலை போட்ட குலுக்கல்

பந்து உருண்ட ஊர்கள் – 9

வடக்கு வேல்ஸின் பேங்கரில் ரயிலேறி, தெற்கே தலைநகர் கார்டிஃபுக்குப் போகிறவர் வழியில் இங்கிலாந்துக்குள் நுழைந்துதான் வெளியே வரவேண்டும். இரண்டும் ஒரே நாட்டு ஊர்கள். ஆனால் நடுவில் மலை. சாலை வழியென்றால் ஏ470 இருக்கிறது. லாண்டிட்னோவில் தொடங்கி கார்டிஃப் வரை ஏறத்தாழ 300 கிலோமீட்டர், வளைந்து வளைந்து போகும். வாரம் முழுக்க வேலை பார்த்தவன் சனிக்கிழமை மதியம் அங்கே போய்ப் பந்தாடிவிட்டு ஊர் திரும்புவது நடக்கிற காரியமா?

வட்டாரக் கோப்பைகள் பிறந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எதையும் தேட வேண்டியதில்லை. வேல்ஸ் கால்பந்துச் சங்கத்தின் கீழே ஆறு வட்டாரச் சங்கங்கள் இருக்கின்றன: வடக்குக் கடற்கரை, வடகிழக்கு, நடு வேல்ஸ், மேற்கு, தெற்கு, க்வென்ட். தத்தம் எல்லைக்குள் இருக்கும் கிளப்புகளுக்கு அவை நாக்-அவுட் போட்டி நடத்துகின்றன. தோற்றால் அந்த ஆண்டு அதோடு சரி.

வடக்குக் கடற்கரையை எடுத்துக்கொள்வோம். ஆங்கில்சி தீவு, ஸ்லேட் கல் வெட்டிய மலையூர்கள், கடலோரச் சுற்றுலா நகரங்கள் எல்லாம் இதற்குள் அடக்கம். குலுக்கலில் யாருக்கு யார் வந்தாலும் காரில் போய் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். அமெச்சூர் கிளப்புகளுக்காக 1890இல் தொடங்கி, பின்னாளில் எஃப்.ஏ.டபிள்யூ. டிராஃபி என்று பெயர் பெற்ற நாடு தழுவிய கோப்பைகூட, ஆரம்பச் சுற்றுகளில் அக்கம்பக்கத்துக் கிளப்புகளைத்தான் மோதவிடுகிறது. மலையைத் தாண்டுகிற செலவு கடைசிச் சுற்றுகளுக்கு வந்தவர்களுக்கு மட்டும்.

மலைக்கு அடுத்த எதிரி இருட்டு. டிசம்பரில் அங்கே மாலை நான்கு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். சின்ன மைதானங்கள் பலவற்றில் விளக்குக் கம்பம் கிடையாது. அதனால் ஆட்டத்தை முன்கூட்டியே தொடங்கியாக வேண்டும். சமனில் முடிந்தால் வார நாளில் மறு ஆட்டம் வைக்கலாம்தான். ஆனால் யாருக்கு லீவு கிடைக்கும்? பெனால்டியில் முடிவுகட்டுவது சூதாட்டம் என்று தொலைக்காட்சியில் பேசுவார்கள். விடிந்தால் வேலைக்குப் போகிறவனுக்கு அது பெரிய உபகாரம்.

அமெச்சூர் என்றால் ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்காதவர். அதிலும் இரண்டு ரகம் உண்டு. ஒருவர் லீ ரிச்மண்ட் ரூஸ். பாதிரியார் வீட்டுப் பிள்ளை, கோல்கீப்பர். அபெரிஸ்த்வித்தில் படித்தவர், 1900இல் அந்த ஊர் அணி வேல்ஷ் கோப்பையை வென்றபோது கோல் காத்தவர். பிறகு ஸ்டோக், எவர்டன், சண்டர்லாண்ட் என்று பெரிய கிளப்புகளுக்கு ஆடினார். வேல்ஸுக்காக 24 ஆட்டங்கள். கடைசிவரை அமெச்சூர்தான். ஆனால் செலவுக்கணக்கு வேறு கதை. ஒருமுறை ரயிலைத் தவறவிட்டுத் தனி ரயிலையே வாடகைக்குப் பிடித்து, பில்லை ஸ்டோக் கிளப்பின் தலையில் கட்டினார் என்பார்கள். சண்டர்லாண்டில் கணக்குக் கேட்டபோது கழிப்பறைக் கட்டணத்தைக்கூட எழுதிக் கொடுத்தாராம். 1916இல் சோம் போர்க்களத்தில் இறந்தார்.

இன்னொருவர் பில்லி மெரடித். சர்க் ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில் பன்னிரண்டு வயதிலேயே இறங்கியவர். 1894இல் சர்க் அணி வேல்ஷ் கோப்பையை வென்றபோது அதில் ஆடினார். அதே ஆண்டு மான்செஸ்டர் சிட்டி அழைத்தது. போனார், ஆனால் முதலில் அமெச்சூராகவே. சுரங்க வேலையை விடவில்லை. ரூஸுக்குச் சம்பளம் வாங்காதது அந்தஸ்து. மெரடித்துக்கோ, பந்து கைவிட்டாலும் சோறு போடும் வேலை கையில் இருக்க வேண்டும் என்கிற முன்யோசனை. வட்டாரக் கோப்பையில் இன்று ஆடுகிறவர்கள் மெரடித்தின் வாரிசுகள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஸ்லேட் ஊரான பிளைனாய் ஃபெஸ்டினியாக்கின் கிளப், ‘அமெச்சூர்’ என்ற சொல்லைப் பெயரிலேயே சுமந்து நிற்கிறது.

இந்த எளிய கிளப்புகள் நடுவே 2019இல் ஒரு புதிய பெயர் வந்து சேர்ந்தது: பேங்கர் 1876. பழைய பேங்கர் சிட்டி நொடித்துக்கொண்டிருந்தபோது, அதன் ரசிகர்களே கூடித் தொடங்கிய கிளப். அந்தப் பழைய பேங்கர்தான் 1962இல் ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கோப்பை ஆட்டமொன்றில் இத்தாலியின் நாப்போலியை 2-0 என்று வீழ்த்தியது. வாரிசுக் கிளப்போ க்வினெத் வட்டார லீக்கில், கிராமத்து அணிகளோடு, அடிமட்டத்திலிருந்து தொடங்கியது. நாப்போலிக் கதை அடுத்த வாரம்.