பந்து போன பாதை – 9: கடைசி நாள், ஒரு புள்ளி

சுவிட்சர்லாந்துக் கிளப் எஃப்.சி. பாசலின் கதையை இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். சுவிட்சர்லாந்துக்காரர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும். 2019 மார்ச் 9, சனிக்கிழமைக்குள் நுழைந்தவன் இன்னும் வெளியே வந்தபாடில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இரண்டு வரி: 1946இல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப்பாகத் தொடங்கிய கால்பந்து அணிதான் உரிமையாளர் ரோஹித் ரமேஷ் காலத்தில் சென்னை சிட்டி எஃப்.சி. ஆகி, 2016-17இல் ஐ-லீக்கில் நுழைந்தது. பெயரில் சென்னை, சொந்த மைதானமாக இருந்தது கோவை நேரு ஸ்டேடியம். மிச்சத்தைப் பழைய இதழ்களில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐ-லீக் பருவத்தின் கடைசி நாளான அந்தச் சனிக்கிழமை காலையில் சென்னை சிட்டி 40 புள்ளி, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 39. இருவருக்கும் ஆளுக்கு ஓர் ஆட்டம் பாக்கி, இரண்டும் ஒரே நேரத்தில். கோவையில் சென்னை சிட்டிக்கு எதிரே முந்தைய ஆண்டின் சாம்பியன் மினர்வா பஞ்சாப். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரே கோகுலம் கேரளா. ஜெயித்தால் மூன்று புள்ளி, சமன் என்றால் ஒன்று. கணக்கு அவ்வளவுதான். ஆனால் இந்தக் கணக்கை நான் நிமிடம் நிமிடமாகப் போட்டுப் பார்த்தேன். வீட்டில் திட்டு.

மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் அடித்துவிட்டார். கோழிக்கோட்டில் இடைவேளை வரை கோல் விழவில்லை. அதாவது, அந்த நிலையில் ஆட்டங்கள் முடிந்திருந்தால் இருவருக்கும் 40. இரண்டாம் பாதியில் சென்னை சிட்டியின் பெட்ரோ மான்ஸி பெனால்டியைப் போட்டார். சென்னை சிட்டி 41. பிறகு கௌரவ் போரா ஒன்று போட, 43. இதற்கிடையில் கோழிக்கோட்டில் கோகுலம் முந்திக்கொள்ள, ஈஸ்ட் பெங்கால் 39க்கே திரும்பியது. ஒரு கட்டத்தில் இடைவெளி நான்கு புள்ளி! டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம்.

போயிருந்தால் கெட்டது. கடைசிக் கால் மணி நேரத்துக்குள் ஈஸ்ட் பெங்கால் இரண்டு கோல் திருப்பி 2-1 என்று முன்னே போனது. அவர்கள் 42. இப்போது கோவையில் மினர்வா ஒரே ஒரு கோல் அடித்தால் போதும், சென்னை சிட்டி 41க்கு இறங்கிவிடும், கோப்பை ரயிலேறி ஹௌராவுக்குப் போய்விடும். அந்தச் சில நிமிடங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. இஞ்சுரி டைமில் போரா இரண்டாவதையும் போட்டார். 3-1. கணக்கு முடிந்தது: 43, 42.

இந்த வாரம் என்னைப் பிடித்து ஆட்டுவது அந்தப் போராதான். அந்தப் பருவத்தில் மான்ஸி போட்டது 21 கோல். கோல் பட்டியலில் அவரோடு சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் முதலிடம். தொடக்க ஆட்டத்திலேயே இந்தியன் ஏரோஸுக்கு எதிராக ஹாட்ரிக். பத்திரிகைகள் எல்லாம் மான்ஸி, மான்ஸி என்றுதான் எழுதின, நானும் மூன்று வாரம் அதையே எழுதினேன். ஆனால் கோப்பை கையைவிட்டுப் போகிற நாளில் இரண்டு கோல் போட்டவர், கோல் விழாமல் பார்த்துக்கொள்வதற்காகக் களமிறக்கப்பட்ட அசாம்காரர். என் தீர்ப்பு இதுதான்: பருவம் மான்ஸியுடையது, பட்டம் போராவுடையது. ஆட்சேபம் உள்ளவர்கள் ஆசிரியருக்கு எழுதுங்கள்.

எங்கள் பேராவூரணிப் பக்கம் இந்தப் பட்டத்தை அப்போது யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை. காரணம் உண்டு. அந்தப் பருவம் தொடங்கியது 2018 அக்டோபர் 26. நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வந்தது. நாற்பது வருஷத் தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. ஊருக்கு ஊர் மைதானத்தில் மின்கம்பங்களைத்தான் குவித்து வைத்திருந்தார்கள். கரன்ட் இல்லாத வீட்டில் யார் கோல் பார்ப்பது? கபடியும் வாலிபாலும் ஆடுகிற பூமியில், அதிராம்பட்டினத்தை விட்டால் கால்பந்துக்கு நேர்ந்துவிட்ட ஊர் என்று நம் சுற்றுவட்டாரத்தில் சொல்வதற்கும் அதிகமில்லை.

அதற்கும் முன்னால் இன்னொரு அடி. பருவம் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, அதே அக்டோபரில், கலியா குலோத்துங்கன் தஞ்சாவூரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனார். பெயர் நினைவிருக்கிறதா? நம் தஞ்சைக்காரர். 2003இல் ஜகார்த்தாவில் ஆசியான் கோப்பையை வென்ற ஈஸ்ட் பெங்கால் அணியில் இருந்தவர். இறுதியாட்டத்தில் தாய்லாந்தின் பெக் டெரோ சசானாவை அவர்கள் 3-1 என்று தோற்கடித்தார்கள். பிறகு குலோத்துங்கன் மோகன் பகானுக்கும் ஆடினார். இந்தியக் கிளப் ஒன்று வெளிநாட்டில் வாங்கிய அபூர்வமான கோப்பைகளில் அந்த ஆசியான் கோப்பையும் ஒன்று. அதில் காவிரிக்கரைக்கும் ஒரு பங்கு உண்டு என்பது தஞ்சாவூரிலேயே பலருக்குத் தெரியாது. அவர் காலத்தில் பந்தை நம்பிப் பிழைக்க நினைத்த தமிழ்ப் பையன் ஹௌராவுக்கு டிக்கெட் எடுத்தாக வேண்டும். அந்த ஈஸ்ட் பெங்காலைத்தான் தமிழ்நாட்டு அணி ஒற்றைப் புள்ளியில் முந்தியது. அதற்கு முன் ஐ-லீக் பட்டம் தமிழ்நாட்டுக்கு வந்ததே இல்லை. குலோத்துங்கன் இன்னும் ஐந்து மாதம் இருந்திருந்தால் யார் பக்கம் கைதட்டியிருப்பார் என்று யோசிக்கிறேன்.

கோவை அணியில் தமிழ்ப் பையன்கள் எத்தனை பேர், சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸ் அவர்களை எப்படி வார்த்தெடுத்தார் என்பதையும் எழுத நினைத்தேன். இடம் போதவில்லை. எட்வின் சிட்னி வான்ஸ்பால் சென்னையின் எஃப்.சி.க்கும், ரொமாரியோ ஜேசுராஜ் கோவாவுக்கும், அஜித்குமார் பெங்களூருக்கும் போய்ச் சேர்ந்ததை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சென்னை சிட்டி பட்டம் வென்ற அதே ஆண்டில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) நாட்டின் முதல்நிலை லீக் என்று ஆனது. ஐ-லீக் சாம்பியனுக்கு அங்கே போக அப்போது கதவு திறக்கவில்லை. வகுப்பில் முதலாவதாகத் தேறிய பிள்ளையை அதே வகுப்பில் உட்காரவைத்த அநியாயம் இது. அப்படிப்பட்ட கிளப்பில் எஃப்.சி. பாசல் எதற்காக 26 சதவீதப் பங்கை வாங்கியது? அடுத்த வாரம், நிச்சயமாக.