கணுக்கால் தேய்மானம்: வலி மாத்திரைக்கு அப்பாலும் வழி உண்டு

ஈப்போ - ரப்பர் தோட்டங்களில் மரம் சீவிய பலர் இன்று சுங்கை சிப்புட், கம்பார், பத்து காஜா வட்டாரத் தாமான்களில் வாழ்கின்றனர். பால் வாளியோடு சரிவில் சறுக்கிக் கணுக்கால் பிசகினால், எண்ணெய் போட்டு உருவிவிட்டு மறுநாள் பெரட்டுக்குப் போன காலம் அது. அந்தப் பழைய அடி முதுமையில் மூட்டுத் தேய்மானமாகத் திரும்பி வரக்கூடும்.

முழங்கால் தேய்மானத்துக்கு வயதும் உடல் எடையும் முக்கியக் காரணங்கள். கணுக்காலில் நிலைமை வேறு. 10 பேரில் ஏறக்குறைய 7 பேருக்குப் பழைய எலும்பு முறிவு அல்லது அடிக்கடி ஏற்பட்ட சுளுக்கே காரணம்.

அரசு சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட் கட்டணத்தில் பரிசோதனை செய்துகொள்ளலாம். யூரிக் அமிலத்தால் வரும் வாதமும் முடக்குவாதமும் இதே போல் வலிக்கும். ஆனால் அவற்றுக்கான மருந்து வேறு. நீரிழிவு உள்ளவருக்குக் கணுக்கால் வீங்கிச் சூடாக இருந்தால், வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். உணர்விழந்த காலில் எலும்பு நொறுங்குவதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

தொடக்கத்தில் எடைக் குறைப்பு, அடிப்பாகம் வளைந்த விறைப்பான காலணி, கணுக்கால் பட்டை ஆகியவை உதவும். கைத்தடியை வலியுள்ள காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். வலி மாத்திரையை நீண்ட நாள் தானாக வாங்கிச் சாப்பிட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். ஸ்டீராய்டு ஊசி தரும் நிவாரணம் தற்காலிகமானது. அது இரத்தச் சர்க்கரையையும் ஏற்றும். 'எம்.ஏ.எல்.' பதிவு எண் இல்லாத மூட்டுவலி மருந்துகளைத் தொட வேண்டாம். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

இவற்றாலும் வலி தீராவிட்டால், கிளினிக்கின் பரிந்துரைக் கடிதத்தோடு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற இடங்களில் எலும்பியல் நிபுணரைச் சந்திக்கலாம்.

முக்கிய அறுவை சிகிச்சைகள் இரண்டு. ஒன்று, தேய்ந்த எலும்புகளைத் திருகாணிகளால் இணைத்து ஒன்றாக்குவது. "கால் மரக்கட்டையாகிவிடும்" என்று பலர் இதற்கு அஞ்சுகின்றனர். கணுக்காலின் மேல்கீழ் அசைவு போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் பாதத்தின் மற்ற மூட்டுகள் ஓரளவு ஈடுகொடுப்பதால் பெரும்பாலோர் நன்றாகவே நடக்கின்றனர். பல ஆண்டுகளுக்குப் பின் அந்த மூட்டுகள் தேயலாம். புகைப்பவருக்கு எலும்பு ஒட்டாமல் போகும் அபாயமும் அதிகம்.

மற்றொன்று, செயற்கை மூட்டு பொருத்துவது. அசைவு தங்கும், ஆனால் மூட்டு தேய்ந்தால் மீண்டும் அறுவை தேவைப்படலாம்.

50 முதல் 85 வயதுடையோரிடம் பிரிட்டனில் இவ்விரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வெளிவந்தது. ஓராண்டுக்குப் பின் இரு தரப்பினரும் நன்கு தேறியிருந்தனர். நடப்பதிலும் நிற்பதிலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

ஆகவே, எது உயர்ந்தது என்பதைவிட எது தமக்குப் பொருந்தும் என்பதே கேள்வி. வயது, சர்க்கரை அளவு, வேலை, வீட்டுப் படிக்கட்டு ஆகியவற்றை நிபுணரிடம் சொல்லுங்கள். எத்தனை வாரம் காலை ஊன்றக்கூடாது, அதுவரை வீட்டில் யார் துணை என்பதையும் முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள்.